சொல்லத் தயங்கிய பிணி

மனிதன் தன் உடலில் தோன்றும் பிணிகளுள் சிலவற்றைப் பிறரிடம் கூறி ஆறுதல் பெறுகிறான். சிலவற்றையோ மனைவியிடமும் மறைத்து மனம் புழுங்குகிறான். ஆண்மைக் குறைவு என்று உலக வழக்கில் கூறப்படும் விறைப்புக் குறைபாடு இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இல்லற வாழ்வுக்கு வேண்டிய விறைப்பு உண்டாகாமையும், உண்டாயினும் நிலைத்து நில்லாமையும் இப்பிணியின் இலக்கணமாகும். இதுபற்றி வாய்திறந்து கேட்கலாம் என்னும் நிலை எளிதில் வந்ததன்று. அந்நிலைக்கு வழிகோலிய வரலாற்றின் சிறந்த பகுதியொன்று, தமிழர் தலைமுறை தலைமுறையாக உழைத்து வாழும் பம்பாய் மாநகரிலேயே நிகழ்ந்தது.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் தொழிலை நாடித் தாராவிக்கும், அலுவலக வேலையை நாடி மாதுங்காவுக்கும், பின்னர் செம்பூருக்கும் வந்த தமிழருள் பலர் குடும்பத்தைப் பிரிந்து வாழ்ந்த இளைஞர். அவர்கள் மனத்தில் இத்தகைய ஐயம் எழுந்தால் யாரிடம் கேட்பது? ஊர்ப் பெரியவர் அருகில் இல்லை. மருத்துவரின் மொழியோ வேறு. இரயில் பாதையோரச் சுவரில் எழுதிய ‘இரகசிய நோய்’ விளம்பரமே அவர்களை அழைத்தது. அச்சத்தை முதலாக வைத்து நடத்தப்பட்ட வாணிகம் அது.

இந்த இருளில் விளக்கேற்ற முற்பட்டவர் ரகுநாத் தோண்டோ கார்வே. பெண் கல்விக்கு உழைத்த தோண்டோ கேசவ கார்வேயின் மைந்தரான இவர் கணிதப் பேராசிரியர். 1921இல் பம்பாயில் குடும்பக் கட்டுப்பாட்டு நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அப்பணியின் காரணமாகவே கல்லூரிப் பதவியை இழந்தார். அவர் 1927இல் தொடங்கிய ‘சமாஜ் ஸ்வாஸ்த்ய’ என்னும் மராத்தி ஏடு, பாலியல் பற்றி வாசகர் அனுப்பிய வினாக்களுக்கு நேரான விடை அளித்தது. அவ்விடைகளே ஆபாசம் எனக் கூறி 1934இல் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது.

அவ்வழக்கில் கார்வேக்காக வாதாட முன்வந்தவர் டாக்டர் அம்பேத்கர். பாலியல் பற்றி எழுதுவதெல்லாம் ஆபாசம் ஆகாது என்பதும், ஐயம் கேட்டவருக்கு விடை கூறுதல் குற்றமன்று என்பதும் அவர் வாதத்தின் சாரம். ஆயினும் வழக்குத் தோற்றது. கார்வேக்கு 200 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. எனினும் அவர் 1953இல் மறையும்வரை ஏட்டை விடாது நடத்தினார்.

அதே 1934ஆம் ஆண்டில் டாக்டர் ஏ. பி. பிள்ளை பம்பாயிலிருந்து ‘மேரேஜ் ஹைஜீன்’ என்னும் ஆங்கில ஏட்டைத் தொடங்கினார். 1947 முதல் பாலியல் ஆராய்ச்சிக்கென அனைத்துலக ஏடு ஒன்றையும் நடத்தினார். விடுதலைக்குப் பின் சட்டமும் துணைக்கு வந்தது. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திரப் பரிகாரங்கள் சட்டம், ஆண்மைக் குறைவைத் தீர்ப்பதாகப் பொதுமக்களிடம் மருந்து விளம்பரம் செய்வதைத் தடை செய்தது. அச்சட்டம் இன்றும் உள்ளது. சுவர் விளம்பரங்களும் இன்னும் உள்ளன!

பிணியின் காரணம் பற்றிய அறிவும் படிப்படியாகவே வளர்ந்தது. இந்திரியம் வெளியேறுவதால் உடல் நலியும் என்னும் அச்சம் நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. அவ்வச்சத்தால் விளையும் மனத்துயருக்கு டாக்டர் விக் என்பார் 1960இல் ‘தாது நோய்க்குறி’ எனப் பெயரிட்டார். மேனாட்டு மருத்துவருள் பலரும் விறைப்புக் குறைபாட்டிற்கு மனமே காரணம் எனப் பன்னெடுங்காலம் கருதினர். பிற்கால ஆராய்ச்சி இரத்த ஓட்டத்தின் பங்கை விளக்கிற்று. நரம்பின் தூண்டுதலால் நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயு உறுப்பினுள் சுரக்கிறது. தசைகள் தளர்ந்து குழாய்கள் விரிகின்றன. இரத்தம் நிரம்புவதால் விறைப்பு உண்டாகிறது. இரத்தக் குழாய்களில் இவ்வாயு ஆற்றும் பணியைக் கண்ட மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. நெஞ்சு வலிக்கென ஆராயப்பட்ட சில்டெனாஃபில் மாத்திரை, அதே ஆண்டில் இப்பிணிக்கு மருந்தாக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

இதனின்று நாம் அறியவேண்டிய உண்மை ஒன்றுண்டு. உறுப்புக்குச் செல்லும் தமனிகள் இதயத் தமனிகளினும் சிறியவை. ஆதலின் குழாய்களில் அடைப்புத் தொடங்கினால், நெஞ்சு வலி தோன்றுவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே விறைப்புக் குறைதல் கூடும். நீரிழிவும் இரத்த அழுத்தமும் இவ்வாறே தம்மை முதலில் வெளிப்படுத்துவதுண்டு. வெட்கத்தால் ஒருவர் மறைப்பது, அவர் உயிரைக் காக்க வந்த எச்சரிக்கையாகவும் இருக்கலாம்.

எப்போது மருத்துவரை நாடுவது? களைப்பு, கவலை, மது இவற்றால் ஓரிரு முறை தவறுதல் பிணியன்று. மூன்று மாத அளவில் குறை நீடிப்பின் தயங்காது செல்லவேண்டும். நீரிழிவு உடையோரும், புகைபிடிப்போரும், நாற்பது வயதைக் கடந்தோரும் அதுவரைகூடக் காத்திருத்தல் வேண்டா. மாடியேறும்போது நெஞ்சு வலித்தால் அன்றே செல்லவேண்டும். புதிய மருந்து ஒன்றை உண்ணத் தொடங்கிய பின் குறை தோன்றினால், அதைத் தாமே நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் கூறவேண்டும்.

தாராவிக்கும் மாதுங்காவுக்கும் அண்மையில் சயான் மருத்துவமனை இருக்கிறது. செம்பூரார்க்கும் அது தொலைவன்று. மொழி தடையாயின், குறை தோன்றிய காலத்தையும் பிற நோய்களையும் தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு தாளில் எழுதி வாங்கி, உண்ணும் மருந்துகளின் அட்டைகளையும் உடன் கொண்டு செல்லலாம். சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றின் சோதனையே பெரும்பாலும் முதற்படி. புகையிலையை விடுதல், நடைப்பயிற்சி, மனைவியோடு கலந்து பெறும் மன ஆலோசனை, மாத்திரை எனச் சிகிச்சை பலவகைப்படும். மாத்திரையை மருத்துவர் சீட்டின்றி வாங்குதல் தீது. நெஞ்சு வலிக்கு நைட்ரேட் மருந்து உண்போர் சில்டெனாஃபிலை உண்டால் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே இடர் நேரும். மூலிகை எனப் பெயரிட்டு விற்கப்படும் சரக்குகளிலும் இம்மருந்து மறைவாகக் கலக்கப்பட்டிருந்ததைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. மருந்தின் பின் விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் நீடிப்பின் உடனே மருத்துவமனை சேர்தல் வேண்டும்.

கார்வேக்கு அபராதம் பெற்றுத்தந்த அதே பணியை, டாக்டர் மகிந்தர் வாட்ஸா 2005 முதல் மும்பை நாளிதழ் ஒன்றில் வெளிப்படையாகச் செய்தார். 2020இல், தமது 96ஆம் வயதில் மறைந்தார். விடை கூறுவோர் தண்டனைக்கு அஞ்சிய காலம் போயிற்று. இனிக் கேட்போர் அஞ்சுவதற்குக் காரணம் யாதுமில்லை.