தொடாமல் தூக்கிய உருண்டை

பழுதாப்போன ஸ்பீக்கரை உடைச்சு, காந்தம் எடுத்து விளையாடாத ஆக்கள் எங்களில் குறைவு. ஒரு காந்தத்துக்கு மேலே இன்னொன்றை மிதக்க விடப் பார்த்திருப்பம். சறுக்கி விழும், இல்லாட்டி திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும். பிழை எங்கட கையில் இல்லை. நிலையான காந்தங்களை எப்படி அடுக்கினாலும், அவற்றால் இன்னொரு காந்தத்தை அந்தரத்தில் உறுதியாக நிறுத்த முடியாது. சாமுவேல் ஏர்ன்ஷோ என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1842இல் வெளியிட்ட தேற்றத்தில் இருந்து வருகிற முடிவு இது.

ஆனால் தடை 'நிலையான' காந்தத்துக்குத்தான். காந்தத்தின் பலம் நேரத்துக்கு நேரம் மாறினால்? 1930களில் அமெரிக்காவின் வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் ஜெஸ்ஸி பீம்ஸின் ஆய்வுகூடம் பிடித்துக்கொண்டது இந்த இடைவெளியைத்தான். மேலே மின்காந்தம், கீழே எஃகு உருண்டை. உருண்டை கொஞ்சம் இறங்கினால் மின்னோட்டம் கூடும், ஏறினால் குறையும். 1937இல் அங்கிருந்த ஹோம்ஸ் இப்படியொரு அமைப்பை விவரித்தார். உருண்டையைத் தாங்கியது வெறும் காந்த விசை இல்லை, ஓயாத கண்காணிப்பு.

பீம்ஸுக்கு மிதப்பதை விட வேகமே முக்கியம். அச்சு உராய்வு இல்லை, காற்றையும் வெளியேற்றியாச்சு. ஒரு மில்லிமீற்றருக்கும் சிறிய உருண்டை, செக்கனுக்கு 3 லட்சம் தடவைக்கு மேல் சுழன்றது. கடைசியில் எல்லை போட்டது காந்தம் இல்லை, எஃகின் பலம். அதற்கு மேலே போனால் உருண்டையே வெடித்துச் சிதறும்.

இந்த வேகம் எதற்கு? வேகமாய்ச் சுழலும் உருளைக்குள் பாரமான அணுக்கள் வெளிப்பக்கமாய் ஒதுங்கும். போர்க்காலத்தில் யுரேனியம் 235ஐப் பிரிக்க பீம்ஸ் இதே வழியை முயன்றார். அந்தப் பெரிய உருளைகள் காந்தத்தில் தொங்கவில்லை. இயந்திரக் கோளாறுகள் துரத்தின. போர் முடியமுன்னரே திட்டம் கைவிடப்பட்டது.

கதை அதோட முடியவில்லை. சோவியத்தில் போர்க் கைதியாக இருந்து சுழலிகள் செய்த ஒஸ்திரியர் கேர்னொட் சிப்பே, 1958இல் அதே வேர்ஜீனியாவுக்கு வந்து தன்ர சுழலியைத் திரும்பக் கட்டினார். கீழ்முனை ஓர் ஊசியில் நிற்க, மேல்முனையை ஒரு காந்தம் தொடாமலே பிடித்தது. இண்டைக்கு யுரேனியம் செறிவாக்கும் சுழலிகள் அதன் வழிவந்தவை. உலைக்கான எரிபொருளும் அதிலதான், குண்டுக்கானதும் அதிலதான்.

உருண்டையைக் கண்காணிக்க ஒரு சுருள் காணும். இந்தச் சுழலிகளைக் கண்காணிக்க, 1957இல் உருவான சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் பரிசோதகர்கள் இண்டைக்கும் கமராவோடும் முத்திரையோடும் அலையவேண்டியிருக்கு. கண் எடுத்தால் என்ன நடக்கும் எண்டு அந்த உருண்டைக்குத் தெரியும்.