வள்ளம் வைத்திருந்த வீட்டுக்காரர்

இஸ்தான்புல்லில் ஹாகியா சோபியாவுக்குக் கிட்ட, ஒரு சின்ன வாசலால் படியிறங்கிப் போனால் நிலத்துக்குக் கீழே தூண்களாலான ஒரு காடு. 12 வரிசை, வரிசைக்கு 28 தூண். ஒவ்வொன்றும் 9 மீற்றர் உயரம். பார்த்தால் கோயில் மாதிரி இருக்கும், ஆனால் கட்டினது தண்ணீர் சேர்த்து வைக்கத்தான். துருக்கிக்காரர் இதை யெரெபாத்தான் என்று சொல்வார்கள்.

இந்த நிலக்கீழ்த் தாங்கியைக் 'கண்டுபிடித்தவர்' யார் என்று தேடினால் எங்கேயும் ஒரே பெயர்தான் வரும்: பியர் ஜில் என்ற பிரெஞ்சு அறிஞர். நாங்கள் கதைக்க வந்தது அந்தக் 'கண்டுபிடித்தவர்' என்ற சொல்லைப் பற்றித்தான்.

முதலில் தாங்கியின் கதை. 6ஆம் நூற்றாண்டில் பேரரசன் ஜஸ்தீனியன் கட்டினது. அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் புரொகோப்பியுஸ் காரணத்தையும் எழுதி வைத்திருக்கிறார்: மற்ற மாதங்களில் நகரத்துக்குத் தாராளமாகத் தண்ணீர் வரும், கோடையில் தட்டுப்பாடு. மிஞ்சினதைச் சேர்த்து வைக்க ஒரு இடம் வேண்டியிருந்தது. வடக்கே காட்டுப்பக்கம் இருந்து கால்வாய் வழியாக வந்த தண்ணீர் இதுக்குள்ளே தேங்கியது. ஏறத்தாழ 80,000 கனமீற்றர் கொள்ளும். தூண்கள் கனக்க பழைய கட்டடங்களில் இருந்து கழற்றி வந்தவை. ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நிற்கிறதுக்கு அதுதான் காரணம்.

1453 இல் நகரம் ஓட்டோமான்களின் கைக்குப் போனது. அவர்களுக்குத் தேங்கின தண்ணீரை விட ஓடுகிற தண்ணீரில்தான் விருப்பம். தாங்கி மெல்ல மெல்லப் பாவனையில் இருந்து விலகிப் போச்சு. மேலே வீடுகள் எழும்பின.

அதுக்குப் பிறகு 90 வருசம் கழித்துத்தான் ஜில் வருகிறார். பிரெஞ்சு அரசனின் நூலகத்துக்குப் பழைய கையெழுத்துப் பிரதிகள் தேடி அனுப்பப்பட்ட ஆள். நகரத்தைச் சுற்றி அளந்து திரிந்தபோது, சனம் தங்கள் வீட்டுக் கிணறுகளில் வாளி விட்டுத் தண்ணீர் அள்ளுவதைப் பற்றி அறிகிறார். கடைசியில் ஒரு வீட்டுக்குள்ளால் கீழே இறங்க வழி கிடைக்கிறது. அங்கே ஒரு வள்ளம்! வீட்டுக்காரர் பந்தம் கொளுத்தி, ஜில்லை ஏற்றி, தூண்களுக்கிடையில் அங்கேயும் இங்கேயும் வலித்துக்கொண்டு போகிறார். ஜில் தூண் எண்ணுகிறார், வீட்டுக்காரர் பந்த வெளிச்சத்தில் மீன் குத்துகிறார்.

இதை எழுதின ஜில்லே, மேலே குடியிருக்கிறவர்களுக்குக் கீழே என்ன இருக்கிறதென்று தெரியாது, அக்கறையும் இல்லை என்று குறைப்படுகிறார். இதுதான் எங்களுக்கு உறுத்துகிறது. வள்ளம் கட்டி வைத்து, இருட்டில் எந்தத் தூணால் திரும்பினால் மீன் இருக்கும் என்று தெரிந்த மனுசனுக்கா தெரியாது? ஜஸ்தீனியனின் பெயர் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். அது வேற அறிவு.

அக்கறையில்லை என்கிறதும் அநியாயமான பேச்சு. 1453க்குப் பிறகு ஆளில்லாமல் கிடந்த நகரத்தை நிரப்ப, சுல்தான் மெஹ்மெட் வேறு ஊர்களில் இருந்து குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றினார். பலர் தங்கள் விருப்பத்தில் வந்தவர்களே இல்லை. இடம் தெரிந்த பழைய சனம் செத்தும் சிதறியும் போச்சு. வந்தவர்களுக்குக் கிணறு இருந்தது, தண்ணீர் இருந்தது, அதன் கதையைச் சொல்லித்தர அயலில் ஒருவரும் இருக்கவில்லை.  ஜில் பழியை அவர்களில்தான் போடுகிறார்.

ஜில் 1555 இல் இறந்தார், புத்தகம் 1561 இல் அச்சானது. அதில் தூண் 336 என்ற கணக்கு இருக்கிறது. வள்ளம் வலித்தவரின் பெயர் இல்லை.

1980களில் தாங்கியைத் திருத்தும்போது அள்ளின சேறு மட்டும் சுமார் 50,000 தொன் என்கிறார்கள். 1987 இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். இப்போது எல்லாரும் முண்டியடித்துப் போட்டோ எடுக்கிற இரண்டு மெடூசா தலைகளும் அந்தச் சேறு அள்ளினபோதுதான் வெளியில் வந்தன. ஒன்று தலைகீழாக, மற்றது பக்கவாட்டில், தூணுக்கு அண்டை கொடுத்தபடி. (சாபம், மந்திரம் என்று கதைகள் உண்டு. உயரத்துக்குத் தோதாகக் கல்லைத் திருப்பி வைத்திருப்பார்கள் என்றுதான் எங்களுக்குப் படுகிறது.) ஜில்லும் வீட்டுக்காரரும் போன வள்ளம் அவற்றுக்கு மேலாலேயே போயிருக்கக்கூடும்.