ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட்: ஒலிப்பதிவுகளும் மரபும்

ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட், அமெரிக்கத் தென்மாநிலங்களில் பிறந்த ராக் இசைக்குழுக்களில் முதன்மையானது. 1969 மார்ச்சில் ஃபுளோரிடா மாநிலத்தின் ஜாக்சன்வில் நகரில் உருவானது. விரைவிலேயே ஜார்ஜியாவின் மேக்கன் நகருக்குக் குடிபெயர்ந்தது. இடையிடையே கலைந்தும் கூடியும் 2014 அக்டோபர் வரை மேடையேறியது. ப்ளூஸ், ஜாஸ், நாட்டுப்புற இசை மூன்றையும் கலந்து, இரண்டு கிட்டார், இரண்டு டிரம்ஸ் என்ற அமைப்பில் நீண்ட நேரம் கற்பனையாக வாசிப்பது இவர்களின் தனிவழி. ஸ்டுடியோவில் பதிவான பாடல் இவர்களுக்கு வெறும் தொடக்கம். மேடையில்தான் அது வளர்ந்தது. அதனால் இக்குழுவைப் பற்றிய பேச்சு எப்போதும் எந்த இரவு, எந்தக் கச்சேரி, எந்தப் பதிப்பு என்றே போகும். ரசிகர்கள் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக விடாமல் நடத்திவரும் அந்தப் பேச்சையும் சேர்த்துத்தான் இக்குழுவின் வரலாற்றைச் சொல்ல முடியும்.

தோற்றம்

டுவேன் ஆல்மன் 1946-லும் தம்பி கிரெக் 1947-லும் டென்னசியின் நாஷ்வில் நகரில் பிறந்தவர்கள். இருவரும் குழந்தைகளாக இருந்தபோதே தந்தை கொலையுண்டார், தாய்தான் வளர்த்தார். பதின்வயதில் ஃபுளோரிடாவின் டேடோனா பீச்சில் இசைக்கத் தொடங்கிய சகோதரர்கள், ஆல்மன் ஜாய்ஸ், அவர் கிளாஸ் என்ற பெயர்களில் குழு நடத்திப் பார்த்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் அவர் கிளாஸை வெளியிட்ட நிறுவனம் தன் விருப்பத்துக்கு அவர்களைப் பாட வைத்தது; அது எடுபடவில்லை.

டுவேன் தெற்கே திரும்பி, அலபாமாவின் மசில் ஷோல்ஸில் உள்ள ஃபேம் ஸ்டுடியோவில் கூலிக்கு வாசிக்கும் கிட்டார் கலைஞரானார். 1968 இறுதியில் வில்சன் பிக்கெட் பாடிய 'ஹே ஜூட்' பதிவில், பாட்டின் கடைசிப் பகுதியில் அவர் வாசித்த வாசிப்பு தொழில்வட்டாரத்தில் அவர் பெயரைப் பரப்பியது. ஓட்டிஸ் ரெடிங்கின் மேலாளராக இருந்த ஃபில் வால்டன் அதைக் கேட்டு அவரைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். வால்டனின் கேப்ரிகார்ன் நிறுவனம் மேக்கனில் இருந்ததால்தான் குழுவும் அங்கே போய்ச் சேர்ந்தது.

டுவேனும் டிக்கி பெட்ஸும் கிட்டார், கிரெக் ஆர்கனும் குரலும், பெர்ரி ஓக்லி பேஸ், புட்ச் டிரக்ஸும் ஜேமோவும் டிரம்ஸ்: இதுவே முதல் அறுவர். ஜேமோ கறுப்பினத்தவர், ஓட்டிஸ் ரெடிங்குக்கு வாசித்தவர். 1969-ன் ஜார்ஜியாவில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே வீட்டில் தங்கி, ஒரே வண்டியில் பயணம் செய்து, ஒரே மேடையில் நிற்பது சாதாரணக் காரியம் அல்ல. மைல்ஸ் டேவிஸ், ஜான் கோல்ட்ரேன் இசைத்தட்டுகளை மற்றவர்களுக்கு அறிமுகப்படுத்தியவரும் ஜேமோதான். ஒரே ஸ்வரக்கட்டில் நின்று நெடுநேரம் உலவும் அந்த ஜாஸ் முறை இல்லையென்றால் இக்குழு இன்னொரு ப்ளூஸ் குழுவாகவே நின்றிருக்கும் என்பது என் கணிப்பு.

மேக்கனில் வாய்க்கும் கைக்கும் எட்டாத நாட்கள். கையில் காசில்லாமல் எச் அண்ட் எச் உணவகத்துக்குப் போய் ஓரிரு தட்டுச் சாப்பாடு வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளப் பார்த்தவர்களுக்கு, அதை நடத்திய கறுப்பினப் பெண்மணி லூயிஸ் ஹட்சன் எல்லோருக்கும் வயிறாரப் போட்டார். வியட்நாம் போரில் காயம்பட்டுத் திரும்பிய 'ரெட் டாக்' என்ற மேடை உதவியாளர் தனக்கு வந்த ஊன ஓய்வூதியத்தைக் குழுவின் செலவுக்குக் கொடுத்தார்.

முதல் இரண்டு ஆல்பங்கள்

1969 நவம்பரில் வெளியான முதல் ஆல்பமும், 1970 செப்டம்பரில் வந்த 'ஐடில்வைல்ட் சவுத்'தும் பெரிதாக விற்கவில்லை. ஆனால் பின்னாளில் மேடையில் விரிந்த பாடல்கள் பலவற்றின் விதை இவற்றில் இருக்கிறது. கிரெக் எழுதிய 'விப்பிங் போஸ்ட்' ஸ்டுடியோப் பதிவில் ஐந்து நிமிடம் சொச்சம். பெர்ரி ஓக்லியின் பேஸ் தொடங்கும் முகப்புக்குப் பதினொரு எண்ணிக்கை. தகிட தகிட தகிட தக என்று சொல்லிப் பார்த்தால் சரியாக உட்காரும். எழுதும்போது அது பதினொன்று என்று தனக்கே தெரியாது, அண்ணன் எண்ணிச் சொன்னபிறகுதான் தெரிந்தது என்று கிரெக் பின்னர் சொல்லியிருக்கிறார்.

பெட்ஸின் 'இன் மெமரி ஆஃப் எலிசபெத் ரீட்' சொற்களே இல்லாத இசைத்துண்டு. வெளியில் பெயர் சொல்ல முடியாத ஒரு பெண்ணை நினைத்து இயற்றிய அவர், மேக்கனின் ரோஸ் ஹில் கல்லறைத் தோட்டத்தில் கண்ட ஒரு கல்லறைப் பெயரைத் தலைப்பாக வைத்தார்.

1970-ல் முந்நூறு நாட்களுக்கு மேல் கச்சேரி. அட்லாண்டாவின் பீட்மான்ட் பூங்காவில் கட்டணம் வாங்காமலும் வாசித்தார்கள். அதே ஆண்டு எரிக் கிளாப்டனின் டெரெக் அண்ட் த டோமினோஸ் குழு மயாமியில் 'லேலா' ஆல்பத்தைப் பதிவு செய்தபோது டுவேனும் சேர்ந்துகொண்டார். இடதுகை விரலில் கோரிசிடின் என்ற சளி மாத்திரையின் காலிக் கண்ணாடிக் குப்பியை மாட்டிக்கொண்டு தந்திமேல் வழுக்கி வாசிப்பது அவர் முறை. பின்வந்த ஸ்லைடு கிட்டார்காரர்கள் பலர் அதே குப்பியைத் தேடி அலைந்தார்கள்.

ஃபில்மோர் ஈஸ்ட், 1971

நியூயார்க் மன்ஹாட்டனில் பில் கிரகாம் நடத்திய ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் 2,600-க்கு மேல் இருக்கைகள். 1971 மார்ச் 11, 12, 13 இரவுகளில் ஜானி விண்டருக்கு முன்னால் வாசிக்கும் குழுவாகத்தான் ஆல்மன் பிரதர்ஸ் பெயர் இருந்தது. இவர்கள் வாசித்து முடித்ததும் கூட்டம் எழுந்து போகத் தொடங்கவே வரிசை மாறி, இவர்கள் கடைசிக்கு வந்தார்கள். நேரக் கட்டுப்பாடு இல்லாத கடைசி இடம் கிடைத்தது இந்த ஆல்பத்தின் அதிர்ஷ்டம்.

ஒலிப்பதிவை மேற்பார்த்தவர் டாம் டவுட். இளமையில் அணுகுண்டுத் திட்டத்தில் பணிபுரிந்து, பிறகு ரே சார்லஸ், கோல்ட்ரேன், அரீத்தா ஃபிராங்க்ளின் ஆகியோரைப் பதிவு செய்தவர். கானாவில் ஒரு கச்சேரிப் படவேலையை முடித்துக்கொண்டு திரும்பிய கையோடு, அரங்கத்துக்கு வெளியே நின்ற ஒலிப்பதிவு வண்டியில் ஏறினார். முதல் இரவே அவருக்கு அதிர்ச்சி: டுவேன் சொல்லாமல் கொள்ளாமல் சாக்ஸபோன்காரர்களையும் மேடையேற்றியிருந்தார். சுருதி சேரவில்லை, இந்தப் பதிவு தேறாது என்று டவுட் நேரடியாகச் சொன்னார், டுவேன் விட்டுக்கொடுத்தார். ஒவ்வோர் இரவும் கச்சேரி முடிந்ததும் எல்லோரும் அட்லாண்டிக் ஸ்டுடியோவுக்குப் போய் அன்றைய நாடாவைக் கேட்டு, எது தேறியது, எதை மறுநாள் திரும்ப வாசிக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். 13-ஆம் தேதி இரண்டாம் காட்சி வெடிகுண்டு மிரட்டலால் தாமதமாகி விடியும்வரை போனது.

ஜூலையில் 'அட் ஃபில்மோர் ஈஸ்ட்' இரட்டை இசைத்தட்டாக வந்தது. நான்கு பக்கங்களுக்கு மொத்தம் ஏழே பாடல். 'யூ டோன்ட் லவ் மீ' பத்தொன்பது நிமிடம் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ள, 'விப்பிங் போஸ்ட்' இருபத்திரண்டு நிமிடத்தைத் தாண்டி இன்னொரு பக்கத்தை நிரப்பியது. ஏழு நிமிட எலிசபெத் ரீட் பதின்மூன்று நிமிடமானது. இந்தப் பதிமூன்று நிமிடத்தை ஒருமுறையாவது ஹெட்ஃபோன் அணிந்து முழுதாகக் கேட்க வேண்டும். முதலில் ஒலியளவைக் குமிழால் மெல்ல ஏற்றி வயலின்போல ஒலிக்கச் செய்கிறார் பெட்ஸ். பிறகு இரு கிட்டார்களும் ஒரே மெட்டை இணைந்து பாடுகின்றன. அப்புறம் பெட்ஸின் தனி, கிரெக்கின் ஆர்கன், கடைசியில் டுவேன் வந்து உச்சத்துக்குக் கொண்டுபோய், அடங்கி, மறுபடி அதைவிட மேலே ஏறுகிறார். அத்தனை ஏற்றத்திலும் யாரும் யார்மேலும் மோதுவதில்லை.

அட்டைப்படத்தை ஜிம் மார்ஷல் எடுத்தது நியூயார்க்கில் அல்ல, மேக்கனின் ஒரு சந்தில். காலைநேரத்தில் முகம் சுளித்து நின்றவர்களை விட்டுவிட்டு, தெரிந்த ஒருவரைக் கண்டதும் ஓடிப்போன டுவேன், போதைப்பொருளைக் கைக்குள் மறைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எல்லோரும் வெடித்துச் சிரித்த அந்தக் கணம்தான் படம். பின்னட்டையில் பாட்டுக்காரர்கள் இல்லை. பெட்டி சுமந்த உதவியாளர்கள் பீர் குடித்தபடி நிற்கிறார்கள். தாங்கள் யாரால் மேடையேறினோம் என்பதைக் குழு இப்படிப் பகிரங்கமாகச் சொன்னது.

ஜூன் 27 அன்று அரங்கம் மூடப்பட்டபோது கடைசியாக வாசிக்க கிரகாம் தேர்ந்தெடுத்ததும் இவர்களையே. ஆல்பம் அக்டோபரில் தங்கச் சான்று பெற்றது. 2004-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்ந்தது.

இரண்டு விபத்துகள்

1971 அக்டோபர் 29 அன்று மேக்கனில் மோட்டார்சைக்கிள் விபத்தில் டுவேன் இறந்தார், வயது 24. ஓராண்டு கழித்து 1972 நவம்பர் 11 அன்று, அந்த இடத்திலிருந்து சில தெருக்கள் தள்ளி பெர்ரி ஓக்லியும் மோட்டார்சைக்கிள் விபத்தில் இறந்தார், அவருக்கும் 24. இருவரும் ரோஸ் ஹில்லில் அருகருகே அடக்கம் செய்யப்பட்டார்கள்.

இடையே, 1972 பிப்ரவரியில், 'ஈட் எ பீச்' வெளியானது. டுவேன் மோதியது பீச் பழ லாரி என்றும் அதனால்தான் இந்தப் பெயர் என்றும் ஒரு கதை இன்றும் சுற்றுகிறது. அது பொய். மோதியது கிரேன் ஏற்றிய லாரி. பெயர் வந்தது டுவேன் ஒரு பேட்டியில் சொன்ன பதிலிலிருந்து. டுவேன் பங்கேற்ற கடைசி ஸ்டுடியோப் பதிவுகளோடு, மார்ச் மாத ஃபில்மோர் நாடாக்களில் மிச்சமிருந்தவையும் இதில் இடம்பெற்றன. முப்பத்துமூன்று நிமிட 'மவுன்டன் ஜாம்' இரண்டு பக்கங்களாகப் பிரித்து வைக்கப்பட்டது.

பிறகு

1973 ஆகஸ்டில் வந்த 'பிரதர்ஸ் அண்ட் சிஸ்டர்ஸ்' ஐந்து வாரம் விற்பனையில் முதலிடம் பிடித்தது. பெட்ஸின் 'ராம்ப்ளின் மேன்' பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. அதே கோடையில் நியூயார்க் மாநிலத்தின் வாட்கின்ஸ் கிளென்னில், கிரேட்ஃபுல் டெட், த பேண்ட் ஆகியவற்றோடு இவர்கள் வாசித்த கச்சேரிக்கு ஏறத்தாழ ஆறு லட்சம் பேர் வந்தார்கள். ஜார்ஜியாவின் ஆளுநராக இருந்த ஜிம்மி கார்ட்டரின் அதிபர் தேர்தல் செலவுக்கும் கச்சேரி நடத்திக் கொடுத்தார்கள். பணமும் போதையும் சேர்ந்து வந்தன. 1976-ல் ஒரு போதைப்பொருள் வழக்கில் குழுவின் ஊழியருக்கு எதிராக கிரெக் சாட்சி சொன்னதும் மற்றவர்கள் அவரோடு மேடையேற மறுத்தார்கள், குழு கலைந்தது. 1978-ல் கூடி 1982-ல் மறுபடி பிரிந்தது.

1989-ல் மீண்டும் கூடியது நிலைத்தது. வாரன் ஹேன்ஸின் கிட்டாரும், 1999-ல் வந்து சேர்ந்த டெரெக் டிரக்ஸின் ஸ்லைடும் குழுவுக்குப் புத்துயிர் தந்தன. டெரெக், புட்ச் டிரக்ஸின் அண்ணன் தம்பி வழிப் பிள்ளை. பெயரில் பாதி கிளாப்டனின் அந்தப் பழைய குழுவிலிருந்து வந்தது. நியூயார்க்கின் பீக்கன் அரங்கில் ஏறக்குறைய ஆண்டுதோறும் மார்ச்சில் நடந்த தொடர் கச்சேரி இருநூறைத் தாண்டியது.

ரசிகர்களின் வழக்குகள்

இந்த ரசிகர்கள் பாட்டின் பெயரோடு நிறுத்துவதில்லை. தேதி, காட்சி எண் வரை சொல்வார்கள். மறுகூடலுக்குப் பின் பார்வையாளர்கள் கச்சேரியைப் பதிவு செய்ய குழுவே அனுமதித்தது. விற்காமல் ஒருவருக்கொருவர் படியெடுத்துக் கொடுத்துக்கொள்வது வழக்கமாயிற்று. கேட்ட காதுகள் கூர்மையானதும் கேள்விகளும் கூர்மையாயின.

நெடுநாள் வழக்கு, ஃபில்மோர் ஆல்பத்தில் எது அசல் என்பது. முதல் வெளியீட்டில் 'ஸ்டார்மி மண்டே'யிலிருந்து விருந்தினர் தாம் டூசெட்டின் ஹார்மோனிகா தனிவாசிப்பை டவுட் வெட்டியிருந்தார். அவரே மறுகலவை செய்த 1992 பதிப்பில் அது திரும்ப வந்தது. முழுமை வேண்டும் என்பவர்களுக்கு இது நியாயம். பழைய தட்டின் ஓட்டம் கெட்டது என்பவர்களுக்கு வருத்தம். 2014-ல் மார்ச் 12, 13-ன் நான்கு காட்சிகளும் ஜூன் 27 கச்சேரியும் ஆறு குறுந்தகடுகளாக வந்தபோது வழக்கு தீரவில்லை, சாட்சியங்கள் கூடின. நான்கையும் அடுத்தடுத்துக் கேட்டவன் என்ற முறையில் என் தீர்ப்பு, 1971-ன் வெட்டுக்கே: டவுட் சுருக்கியதில் பாடல் இறுகியது.

இன்னொரு செய்தி, கவனித்துக் கேட்பவர்களுக்கு மட்டும் கிடைக்கும். ஃபில்மோர் தட்டில் 'விப்பிங் போஸ்ட்' முடிந்து கைதட்டல் எழும்போது, புட்ச் டிரக்ஸின் டிம்பனி முழக்கம் லேசாகக் கேட்டு ஒலி தேய்ந்துவிடும். அது 'மவுன்டன் ஜாம்'மின் தொடக்கம். தொடர்ச்சி ஏழு மாதம் கழித்து அடுத்த ஆல்பத்தில்தான் வந்தது.

'புளூ ஸ்கை' பாடலில் டுவேன் எங்கே முடிக்கிறார், பெட்ஸ் எங்கே தொடங்குகிறார் என்பது புதிதாக வருபவர்களுக்கு வைக்கும் சோதனை. டுவேன் முதலில், நடுவே இருவரும் சேர்ந்து, பிறகு பெட்ஸ். 2000-ல் பெட்ஸ் நீக்கப்பட்டது சரியா என்ற கேள்வியில் மட்டும் இசையறிவு உதவுவதில்லை. அங்கே மனத்தாங்கல்தான் பேசுகிறது. அவர் இல்லாத பதினான்கு ஆண்டுகளில் வாரனும் டெரெக்கும் வாசித்தது தரத்தில் குறைந்ததல்ல. ஆனாலும் எலிசபெத் ரீட்டை இயற்றியவர் இல்லாமல் அதை வாசித்த குழுவில் ஒரு குறை இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மரபு

லினர்ட் ஸ்கினர்ட், மார்ஷல் டக்கர் பேண்ட் போன்ற குழுக்கள் இவர்கள் திறந்த வழியில் வந்தவை. தென்னக ராக் என்ற முத்திரையை கிரெக் விரும்பவில்லை. ராக் பிறந்ததே தெற்கில் என்பது அவர் வாதம். 1995-ல் ராக் அண்ட் ரோல் புகழரங்கிலும், 2012-ல் கிராமியின் வாழ்நாள் சாதனையாளர் வரிசையிலும் குழு இடம்பெற்றது. மேக்கனின் வைன்வில் அவென்யூவில் இவர்கள் 1970 முதல் 1973 வரை வாழ்ந்த 'பிக் ஹவுஸ்' 2009 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது.

கடைசிக் கச்சேரி 2014 அக்டோபர் 28 அன்று பீக்கன் அரங்கில் தொடங்கி நள்ளிரவைக் கடந்து, டுவேனின் நினைவு நாளுக்குள் சென்று முடிந்தது. இறுதியாக வாசித்தது மடி வாட்டர்ஸின் 'டிரபிள் நோ மோர்'. குழு முதன்முதலில் சேர்ந்து ஒத்திகை பார்த்த பாட்டு அது. 2017-ல் புட்ச் டிரக்ஸும் கிரெக்கும், 2024-ல் டிக்கி பெட்ஸும் மறைந்தனர். முதல் அறுவரில் எஞ்சியிருப்பவர் ஜேமோ ஒருவரே.