நிழற்படமும் கழுவும் நீரும்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பகுதியிலும் கிள்ளானிலும் நெடுங்காலமாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் இல்லங்களில் இருவகைக் கறுப்பு வெள்ளை நிழற்படங்களைக் காணலாம். சில, பாட்டன் காலத்துக் கருமை குன்றாமல் விளங்குகின்றன. சில, மஞ்சள் படர்ந்து முகமும் தெரியாமல் மங்கிவிட்டன. இதனைக் காலத்தின் கோலம் என்று விட்டுவிடுதல் பொருந்தாது. இவ்வேறுபாடு பெரும்பாலும் படத்தைக் கழுவிய நாளிலேயே தோன்றியதாகும்.

ஹைப்போ என்னும் உப்பு வெள்ளி உப்புகளைக் கரைக்கும் என்பதை ஆங்கில அறிஞர் ஜான் ஹெர்ஷல் 1819இல் கண்டார். 1839இல் நிழற்படக் கலை உலகுக்கு அறிமுகமானபோது, படத்தை நிலைநிறுத்த அவ்வுப்பே துணை செய்தது. ஒளிபடாத வெள்ளி உப்பை அது நீக்கிவிடும்; நுண்ணிய வெள்ளித் துகள்களாலான உருவம் மட்டும் தாளில் தங்கும். ஆயினும், பல படங்கள் சில ஆண்டுகளிலேயே வெளிறின. காரணம் ஆராய 1855இல் லண்டன் நிழற்படக் கழகம் ஒரு குழுவை அமைத்தது. சரியாகக் கழுவாமையால் தாளில் எஞ்சும் ஹைப்போ, காற்றிலுள்ள கந்தகம், ஈரம் ஆகியனவே பகை என்று அக்குழு கூறியது. படத்துக்குப் பொன்னூட்டுதல் நலம் என்றும் பரிந்துரைத்தது.

அம்மூன்று பகைகளுள் ஈரம் மலாயாவில் என்றும் உள்ளது. வெப்பமோ கேட்டினை விரைவுபடுத்துவது. குளிர்நாட்டார் 20 பாகை நீரில் செய்த வேலையை இங்கு வெதுவெதுப்பான நீரில் செய்ய வேண்டும். அந்நீரில் தாளின் ஜெலட்டின் பூச்சு இளகும். அது இளகாதிருக்க ஹைப்போவுடன் படிகாரம் சேர்ப்பர். ஆனால், படிகாரத்தால் இறுகிய பூச்சை விட்டு ஹைப்போ எளிதில் வெளியேறாது. தாளின் நாரிலும் அது தங்கும். ஆகவே, மாறிக்கொண்டே இருக்கும் நீரில் ஒரு மணி நேரமாவது கழுவுதல் வேண்டும். படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பின் அதுவும் வீணே. வெள்ளை ஓரத்தில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலை ஒரு துளி இட்டால், எஞ்சிய ஹைப்போ பழுப்புக் கறையாகத் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

இவ்வரலாற்றில் ஒரு வியப்பும் உண்டு. வெள்ளியைச் சிறிது சிறிதாக அரித்துப் படத்தைக் கெடுக்கும் கந்தகத்தையே, உருவம் முழுவதிலும் முறைப்படி ஏற்றினால், வெள்ளி சல்பைடாக மாறி அது நிலைபெறும். செபியா எனப்படும் பழுப்பு நிறப் படங்கள் இவ்வாறு அமைந்தவை. செலினியம் ஏற்றுதலும் இத்தகைய காப்பே. நஞ்சே மருந்தாதல் என்பது இதுதான்.

1942க்குப் பின் சயாம் – பர்மா இரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் திரும்பவில்லை. பலருக்குக் கல்லறையும் இல்லை. அவருள் ஒருவரின் படம் வீட்டில் எஞ்சியிருப்பின், அம்முகத்துக்கு அதுவே சான்று.

மங்கிய படத்தை மீண்டும் கழுவ முயலுதல் தீங்காகலாம். படியெடுத்து வைத்தலும், ஈரச் சுவரிலிருந்தும் அடுப்புப் புகையிலிருந்தும் விலக்குதலும், பின்புறத்தில் பென்சிலால் பெயரும் ஊரும் மெல்ல எழுதுதலும் எவரும் செய்யத்தக்கன. முகத்தை அடையாளம் சொல்லக்கூடிய முதியோர் உள்ளபோதே இதனைச் செய்யுமாறு ஆசிரியர்கள் மாணவரைத் தூண்டுவாராயின், அது வரலாற்றுக்குச் செய்யும் பெருந்தொண்டாகும்.