உள்வாடகை

1986-ல் வேலம்பாளையத்தில் ஒரு சின்ன பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வாடகை ஷெட். ஆர்டர் குறைந்த வருஷம் அது. முதலாளி பின்பக்கத்தைத் தடுத்து ஒரு செக்கிங் கான்ட்ராக்டருக்கு விட்டார். அங்கே எட்டுப் பெண்கள் வேலை செய்தார்கள். மாசம் 400 ரூபாய், அட்வான்ஸ் 3,000. "ரசீது வேண்டாம், இதர வரவுன்னு எழுதிருங்க" என்றார். நானும் எழுதினேன்.

காட்டிக்கொடுத்தது பின்கதவுப் பூட்டு. ஒருநாள் கட்டட ஓனர் வந்து திறக்கச் சொன்னார். சாவி எங்களிடம் இல்லை. "அவரு நம்ம பார்ட்னருங்க" என்றார் முதலாளி. எடுபடவில்லை. வக்கீல் நோட்டீஸ் வந்தது. ஒப்பந்தத்தில் உள்வாடகைக்கு விடக்கூடாது என்று தெளிவாக ஒரு ஷரத்து இருந்தது.

இந்த ஷரத்துக்குப் பின்னால் ஒரு சரித்திரம் உண்டு. 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்தின் 108-வது பிரிவைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஒப்பந்தத்தில் தடை இல்லாவிட்டால் குத்தகைதாரர் உள்குத்தகைக்கு விடலாம் என்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஊர்களில் நெருக்கடி கூடி, சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாடு வந்தது. அதோடு நிலைமை தலைகீழானது. ஓனர் வாடகையை ஏற்ற முடியாது. ஆனால் குடியிருப்பவர் அதே இடத்தை அதிக வாடகைக்கு இன்னொருவருக்கு விட்டு லாபம் பார்க்கலாம். அதை அடைக்கத்தான் 1960-ம் வருஷத்துத் தமிழ்நாடு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஓனரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விட்டால் காலி செய்ய வைக்கலாம் என்றது.

'பார்ட்னர்' என்ற சாக்கு எங்கள் ஊரில் மட்டும் சொன்னதல்ல. கூட்டு வியாபாரம் உண்மையானால் அது உள்வாடகை ஆகாது என்று 1987-ல் ஒரு குஜராத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1998-ல் இன்னொரு வழக்கில், இது ஓனருக்குத் தெரியாமல் நடக்கிற காரியம், பணம் கைமாறியதற்கு நேரடி சாட்சி கிடைக்காது, இடம் முழுக்க யார் வசம் இருக்கிறது என்பதை வைத்தே முடிவு செய்யலாம் என்றது. எங்கள் கதையில் அந்தப் பூட்டே போதும்.

1960 சட்டம் போய், 2017-ல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. அதிலும் முன்கூட்டியே எழுத்துச் சம்மதம் வேண்டும்.

முதலாளி சமாதானமாகிப் பின்பக்கத்தைக் காலி செய்து கொடுத்தார். ஷெட் தப்பியது. கான்ட்ராக்டருக்குக் கிடைத்தது பத்து நாள் தவணை. அட்வான்ஸில் 1,000 மட்டும் திரும்பியது. மீதியைக் கேட்க அவரிடம் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. அந்த 3,000 ரூபாய் என் கையெழுத்தில் 'இதர வரவு' என்றுதான் இருந்தது.

உள்வாடகைக்குப் போகிறவர்கள், தன்னிடம் வாங்குகிறவரின் ஒப்பந்தத்தை முதலில் கேட்டு வாங்கிப் படியுங்கள். அன்று அந்த மனிதரிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டியவன் நான்தான்.