குறட்டையின் வரலாறு



சேக்கிழார் பெருமான் பிறந்த குன்றத்தூர் இன்று தொழிற்சாலைகளுக்குச் செல்லும் வழியாக விளங்குகிறது. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இரவு பகல் பாராது தொழிலாளரை ஏற்றிக்கொண்டு பேருந்துகள் விரைகின்றன. அவற்றை ஓட்டுபவருக்குப் பட்டப்பகலில் கண் செருகுமாயின் என்ன ஆகும்? அவரைச் சோம்பேறி என்றும் கும்பகருணன் என்றும் ஏசுவது எளிது. ஆனால், அவர் இரவெல்லாம் மூச்சுக்குப் போராடியவராக இருத்தல் கூடும். இந்த உண்மையை மருத்துவ உலகம் கண்டறிந்த வரலாறு சுவையானது.

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. மூச்சுவழி குறுகுவதால் குறட்டை எழுகிறது. சிலருக்கு அவ்வழி முற்றிலும் அடைபட்டுவிடும். நெஞ்சும் வயிறும் மூச்சிழுக்க முயலும், காற்றோ உட்செல்லாது. இரத்தத்தில் பிராணவாயு குறையவே, மூளை உறக்கத்தைக் கலைக்கிறது. பெருமூச்சோடு வழி திறக்கிறது. ஒவ்வோர் அடைப்பும் 10 விநாடியோ அதற்கு மேலோ நீடிக்கும். மணிக்கு 30 முறையும் அதற்கு மேலும் இவ்வாறு நேர்வது கடுமையான நிலை. காலையில் நோயாளிக்கு இவற்றுள் எதுவும் நினைவிராது. இதுவே உறக்க மூச்சடைப்பு நோய்.

ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1836, 1837ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட பிக்விக் கதையில், எந்நேரமும் உறங்கி விழும் ஜோ என்னும் பருத்த சிறுவன் வருகிறான். படித்தவர்கள் சிரித்தார்கள். 1956இல் பர்வெல் முதலிய அமெரிக்க மருத்துவர்கள், சீட்டாட்டத்தில் வெல்லும் சீட்டுகள் கையில் இருந்தும் உறங்கிவிட்ட பருத்த மனிதர் ஒருவரை ஆராய்ந்து, அந்நோயைப் பிக்விக்கின் பெயரால் வழங்கினர். உடற்பருமனால் மூச்சு குறைந்து, கரியமிலவாயு இரத்தத்தில் தேங்குவதே தூக்கத்துக்குக் காரணம் என்று அவர்கள் கருதினர். பகலில் ஆராய்ந்தவர்களுக்கு இரவின் உண்மை புலப்படவில்லை.

1965இல் பிரான்சில் காஸ்தோ குழுவினரும், ஜெர்மனியில் யுங், கூலோ என்போரும் உறங்கும் நோயாளரின் மூச்சையும் மூளையின் மின்னலைகளையும் இரவு முழுதும் பதிவு செய்தனர். அப்போதுதான் மூச்சு மீண்டும் மீண்டும் நின்றுபோவது தெரிந்தது. தொடக்கத்தில் தொண்டையில் துளையிட்டு மூச்சுவழி அமைப்பதே மருத்துவமாக இருந்தது. உயிர் காத்த முறையே. ஆயினும் எத்துணைத் துன்பம்! ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்பார், மூக்கின்மேல் பொருத்திய மூடியின் வழியே மெல்லிய அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தினார். அக்காற்றே தொண்டையை மூடவிடாமல் தாங்கியது. ஐந்து நோயாளரிடம் கண்ட பயனை அவர் 1981இல் வெளியிட்டார். இன்றும் கடுமையான நோய்க்கு அம்முறையே தலையாய மருத்துவம்.

இது மேனாட்டார் நோய் என்று எண்ணவேண்டா. மும்பையில் மருத்துவர் உத்வாடியா குழுவினர் 35 முதல் 65 வயது வரையுள்ள ஆடவரிடம் நடத்திய ஆய்வு 2004இல் வெளிவந்தது. நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் பகல் தூக்கத்தோடு கூடிய இந்நோய் இருப்பதாக அது மதிப்பிட்டது. திரைப்பட இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022இல் மறைந்தபோதும், மருத்துவர்கள் இந்நோயைக் காரணமாகக் குறிப்பிட்டனர். பருத்தவர்க்கு இது மிகுதி. எனினும், தாடை சிறுத்த மெலிந்தவர்க்கும் வரும். பெண்டிரையும் இது விடுவதில்லை. கவனியாது விட்டால் இரத்த அழுத்தம் உயரும். இதயமும் மூளையும் தாக்குறும்.

எடையைக் குறைத்தல், ஒருக்களித்துப் படுத்தல், மதுவை விலக்கல் ஆகியவை உதவும். சிலருக்குத் தாடையை முன்னிறுத்தும் பற்கருவியும், சிலருக்கு அறுவை மருத்துவமும் ஏற்றவை. எது தக்கது என்பதை உறக்க ஆய்வுக்குப் பின் மருத்துவரே முடிவு செய்வார்.

மாணவர்களே! இந்நோயை உறங்குபவர் தாமே காண இயலாது. அருகில் விழித்திருப்பவரே காண முடியும். தேர்வுக்காக நீங்கள் பின்னிரவில் படித்துக்கொண்டிருக்கும்போது, அப்பாவின் குறட்டை திடீரென நின்று, சற்றுப்பின் திணறலோடு மீண்டும் தொடங்கினால், "அயர்ந்து உறங்குகிறார்" என்று மகிழாதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள், எத்தனை விநாடி மூச்சு நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். விடிந்ததும் பணிவோடு சொல்லி, மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உங்கள் தந்தையின் உயிரையும், அவர் வண்டியோட்டுபவராயின் அதில் ஏறுவோர் பலரின் உயிரையும் அச்சிறு குறிப்பு காக்கக்கூடும்.