வில்லியனூர்க் குளமும் தைச்சுங் தொட்டியும்: கிளாடியோ மிராண்டாவின் ஒளிப்பதிவு குறித்து

2013 பிப்ரவரியில் ஆங் லீயின் ‘லைஃப் ஆஃப் பை’ படத்துக்காகக் கிளாடியோ மிராண்டா ஆஸ்கர் பெற்றபோது, சக ஒளிப்பதிவாளர் கிறிஸ்டோபர் டாயல் வெளிப்படையாகக் கொதித்தார். படத்தின் பெரும்பகுதி கணினியில் பிறந்தது, அதை ஒளிப்பதிவு என்று கொண்டாடுவது இக்கலைக்கே இழுக்கு என்பது அவர் வாதம். டாயல் ஆஸ்திரேலியாவில் பிறந்து, ஹாங்காங்கில் வோங் கார்-வாயின் படங்களால் பெயர் பெற்றவர். நாடு கடந்து தொழில் செய்த ஒருவரின் குரல் இது, ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அவர் கணக்கில் புதுச்சேரி விடுபட்டுவிட்டது என்பதே என் வாதம்.

மிராண்டா 1965இல் சிலி நாட்டின் சாந்தியாகோவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். கேமராவுக்கு வருமுன் நெடுங்காலம் விளக்குகளோடு வாழ்ந்தார். நம் கோடம்பாக்கத்தில் ‘லைட்மேன்’ என்போமே, அந்த அணிக்குத் தலைவராக, அதாவது கேஃபராக, டேவிட் ஃபின்சரின் ‘ஃபைட் கிளப்’ (1999) உள்ளிட்ட படங்களில் உழைத்தார். பிறகு அதே ஃபின்சரின் ‘பெஞ்சமின் பட்டன்’ (2008) வழியாக டிஜிட்டல் ஒளிப்பதிவின் முன்வரிசைக்கு வந்தார். பிறர் கேட்கும் ஒளியைச் செய்து கொடுத்த அந்த ஆண்டுகளை அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. நான் அவற்றையே அடித்தளமாகக் கருதுகிறேன்.

2011 ஜனவரியில் ‘லைஃப் ஆஃப் பை’ படப்பிடிப்பு புதுச்சேரியில்தான் தொடங்கியது. தாவரவியல் பூங்கா விலங்குக்காட்சிச் சாலையாயிற்று. வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் குளத்தில் தெப்பத் திருவிழா இரவு படமானது. சிவன் கோயில் குளத்தில் பள்ளிகொண்ட பெருமாள் மிதந்தார். சுடர் விளக்குகள் எரிய, ஊர் மக்கள் கரையில் கூடினர். இங்கே எதிர்ப்பட்ட சிக்கல் கணினியில் தீரக்கூடியதல்ல. இப்படம் முப்பரிமாணத்தில் எடுக்கப்பட்டது. அத்தகைய பதிவில் இரு கேமராக்கள் ஒரே காட்சியைப் பார்க்க, இடையில் சாய்த்து வைத்த கண்ணாடி ஒளியைப் பங்கிடுகிறது. ஒவ்வொரு கேமராவுக்கும் போய்ச் சேர்வது ஏறக்குறைய பாதி ஒளிதான். விளக்குச் சுடரின் வெளிச்சமோ இயல்பிலேயே சிறிது. அப்போது புதிதாக வந்திருந்த அலெக்ஸா கேமராவின் நுண்ணுணர்வு கைகொடுத்தது உண்மை. ஆயினும் எத்தனை சுடரை எங்கே வைப்பது, எந்த முகத்தை இருளில் விடுவது என்பதைக் கேமரா தீர்மானிக்காது. பக்கத்தில் ஒரு பெரிய மின்விளக்கை ஏற்றியிருந்தால் வேலை எளிது, குளம் செத்திருக்கும்.

பிறகு படக்குழு தைவானுக்குச் சென்றது. தைச்சுங் நகரின் பழைய விமான நிலையத்தில் சுமார் 70 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட அலைத்தொட்டி கட்டப்பட்டது. கடலும் வானமும் பெரும்பாலும் பின்னர் வரையப்பட்டவை, இதை மறுப்பதற்கில்லை. ஆனால் நடுக்கடலில் படகில் இருக்கும் நாயகன் பையாக நடித்த சூரஜ் சர்மாவின் முகத்தில் விழும் வெயிலும் மேகமூட்டமும் மாலை மங்கலும் தொட்டியோரம் நின்ற ஒளிப்பதிவாளர் முடிவு செய்தவை. இன்னும் பிறக்காத வானத்துக்குப் பொருந்தும் ஒளியை முன்னதாகவே முகத்தில் வைக்க வேண்டும். தவறினால் எந்தக் கணினியும் அந்த முகத்தைக் கடலில் கொண்டு சேர்க்காது. இது கேஃபரின் கல்வி. டாயல் காணத் தவறியதும் இதையே.

குளமும் தொட்டியும் தனித்தனி வேலைகள் அல்ல என்பதற்குப் படமே சான்று. இரவுக் கடலில் சொறிமீன்கள் ஒளிர்ந்து, நீர்ப்பரப்பு புள்ளி புள்ளியாகச் சுடரும் காட்சியைப் பாருங்கள்: கரிய நீர், சிதறிய சிற்றொளி, நடுவே தனித்த உரு. வில்லியனூர்த் தெப்பத்தில் நாம் முன்பே கண்ட அமைப்பு அது. பின்னால் வரும் ஊனுண்ணித் தீவும் தொலைவிலிருந்து பள்ளிகொண்ட உருவாகவே கிடக்கிறது. அந்தக் கடல் இரவைச் செய்தவர்கள் கணினிக் கலைஞர்கள். அதை எப்படிப் பார்ப்பது என்று நம் கண்ணுக்கு முன்னதாகவே பழக்கியவை குளத்தில் எரிந்த விளக்குகள்.